நெல்லில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்குப் பூஞ்சாணம் அடித்தவர்கள் இருக்கிறீர்களா? என் கதை இது

மன்னார்குடி பக்கம், 9 மா

எங்களுக்கு இருப்பது 9 மா, அதாவது 3 ஏக்கர். முதல் தடவை பிவேரியா பேசியானா (பூச்சியைக் கொல்லும் ஒரு பூஞ்சாணம், தூளாகக் கிடைக்கும்) அடித்தது குறுவையில், ஆடுதுறை 43 நெல் வயலில், இலைச் சுருட்டுப் புழுவுக்கு. படுதோல்வி. தப்பு முழுக்க என்னுடையது, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆவணி வெயில். ஆள் வந்ததே காலை பத்து மணிக்கு மேல். கூலி எப்படியும் கொடுக்கப் போகிறோம், ஒரே வேலையாக முடியட்டும் என்று இலைப்புள்ளிக்கு வாங்கி வைத்திருந்த கார்பெண்டசிமையும் அதே டேங்கில் கலந்துவிட்டேன். பூஞ்சாணமும், பூஞ்சாணத்தைக் கொல்கிற மருந்தும் ஒரே டேங்கில்! போதாததற்கு அந்தப் பாக்கெட், கடை வாசலில் வெயில் விழுகிற அலமாரியில் கிடந்தது. தேதியைக்கூடப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்துப் போனால் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டிக் கிடக்கிறது. சுருட்டைப் பிரித்தால் உள்ளே புழு நெளிகிறது. "மாவை வாங்கிக் கொட்டிட்டு வந்திருக்கே" என்றார் அப்பா.

அப்புறம் சம்பா, ஆந்திரா பொன்னி. கார்த்திகையில் மழை விட்டும் ஒரு வாரம் வானம் மூடியே கிடந்தது. குத்தைச் சாய்த்துத் தட்டினால் தண்ணீரில் புகையான் பொலபொலவென்று விழுந்து துள்ளியது. வயலில் அங்கங்கே இருபது குத்து எண்ணிப் பார்த்தேன். தூருக்கு, அதாவது குத்தில் ஒரு தண்டுக்கு, ஒன்றரை தேறும். ஒன்று வந்தாலே மருந்தை யோசிக்கணும், அதைப் பிடித்துத் தின்னும் சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம் என்பது கணக்கு. சிலந்தி இருந்தது. சரி, விஷ மருந்து அடித்தால் அதுவும் சேர்ந்து சாகும் என்று மறுபடி பூஞ்சாணத்துக்கே போனேன். இந்தத் தடவை மெட்டாரைசியம், ஏக்கருக்கு 1 கிலோ.

தண்ணீரை வடித்தேன். தூளை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி (இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொண்டு உயிரை எடுக்கும்), காதி சோப்புக் கரைசல் சேர்த்து, ஏக்கருக்கு 200 லிட்டர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், பயிரை விலக்கி விலக்கி அடித்தூரில் படும்படி அடித்தோம். புகையான் உட்காருவது அங்கேதான். மேலே இலையில் அடித்தால் இலை நனையும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் அப்பா, "கடைக்குப் போறியா, நான் போகவா" என்றார். ஆறாம் நாள் குத்தைத் தட்டினேன், சில பூச்சி விழவில்லை. குனிந்து பார்த்தால் தண்டைக் கவ்வியபடியே செத்திருக்கிறது. இறக்கை லேசாக விரிந்து, கால் மூட்டிலும் வயிற்று மடிப்பிலும் பஞ்சு மாதிரி வெள்ளை. ஐந்தாறைக் கிள்ளிக்கொண்டு வந்து ஈரப்பஞ்சு வைத்த டிபன் டப்பாவில் போட்டு மூடினேன். இரண்டு நாளில் முழு வெள்ளை. இன்னும் சில நாளில் பாசிப்பயறு நிறத்துக்கு மாறிவிட்டது. அப்பா அந்த டப்பாவை டீக்கடைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதைப் பூச்சி தின்ன வேண்டியதில்லை. பூஞ்சாணத்தின் வித்து உடம்பில் ஒட்டினால் போதும். ஈரம் இருந்தால் முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போய் வளர்கிறது. வெயில் பட்டால் வித்து செத்துப் போகும். என் குறுவைத் தூள் ஏன் வீணானது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு மூலையில் வண்டிச் சக்கரம் அளவுக்குப் பயிர் ஏற்கெனவே புகைந்து (தீய்ந்தது போலக் காய்ந்து) போயிருந்தது. அது திரும்பவில்லை. மற்ற பயிர் தப்பி நின்றது. காப்பாற்றியது பூஞ்சாணமா, தண்ணீரை வடித்ததா, சிலந்தியா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பேராவூரணி

எனக்கு மெட்டாரைசியம் தென்னையில் பழக்கம். 2018 கஜா புயலில் விழுந்த மரங்களை உடனே அப்புறப்படுத்த முடியவில்லை, மட்கிய தண்டுக்குள் காண்டாமிருக வண்டு பெருகிவிட்டது. எருக்குழியில் இந்தத் தூளைக் கரைத்து ஊற்றினோம். பிறகு எரு அள்ளும்போது கட்டை விரல் தடிமனுக்கு இருந்த புழு சுண்ணாம்புக் கட்டி மாதிரி விறைத்து, மேலே பச்சை படர்ந்து கிடந்தது. மண்வெட்டி பட்டதும் ஒடிந்தது. அந்த நம்பிக்கையில்தான் நெல்லுக்கும் அடித்தேன், ஆனால் எருக்குழியின் ஈரமும் நிழலும் வயலில் எங்கே கிடைக்கிறது! பனி இறங்குகிற மார்கழியில் பலன் தெரிந்தது. குறுவையில் நான் இதற்குக் காசு போடுவதில்லை.

திருத்துறைப்பூண்டி

அண்ணே, என் அனுபவம் கசப்பு. வயலில் வட்டம் வட்டமாகப் புகைய ஆரம்பித்த பிறகு அடித்தேன். அது வேலை செய்ய எடுத்த அஞ்சாறு நாளில் அரை ஏக்கர் வைக்கோலாகிவிட்டது. பூஞ்சாணத்தைக் குறை சொல்ல மாட்டேன். யூரியாவை அள்ளி வீசியதும் நான்தான், இலைச் சுருட்டுக்கு பைரித்ராய்டு மருந்தை இரண்டு முறை அடித்துச் சிலந்தியைக் காலி செய்ததும் நான்தான். பயிர் பச்சைப் பசேலென்று இருக்கிறதே என்று வரப்பில் நின்று பூரித்துக்கொண்டிருந்தேன். இப்போது நடும்போதே எட்டடிக்கு ஓர் அடி இடைவெளி விட்டுவிடுகிறேன். அடித்தூருக்கு வெளிச்சமும் காற்றும் போகிறது, தெளிக்க நடந்து போகவும் வழி.

இன்னொன்று, கடையில் "பூஞ்சாணம் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு ஒரு தடவை ட்ரைக்கோடெர்மாவைக் கொடுத்து அனுப்பினார்கள். அதுவும் நல்ல பூஞ்சாணம்தான், ஆனால் நோய்க்கு. புகையானை அது ஒன்றும் செய்யாது.

கும்பகோணம்

பட்டு நெய்கிற திருபுவனத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. பிவேரியாவை முதலில் கண்டுகொண்டது பட்டுப்புழுவில்தான். புழுக்கள் வெள்ளை பூத்துச் சாவதற்கு ஒரு பூஞ்சாணம்தான் காரணம் என்று இத்தாலியில் அகோஸ்டினோ பாசி 1835-இல் காட்டினார், பெயரின் பின்பாதி அவர் நினைவாக வைத்தது. அதனால் பக்கத்தில் யாராவது மல்பெரி போட்டுப் புழு வளர்த்தால் பிவேரியா பக்கமே போகாதீர்கள்.

மன்னார்குடி பக்கம், 9 மா

திருத்துறைப்பூண்டி தம்பி சொன்ன இடைவெளியை நான் இதுவரை விட்டதில்லை. நடவு ஆட்கள் "இவ்வளவு இடத்தைச் சும்மா போடுறீங்களே" என்பார்கள், நானும் மசிந்துவிடுவேன். இந்தச் சம்பாவில் கயிறு பிடித்து விடப் போகிறேன். பாக்கெட்டை எங்கே வைப்பது என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். நான் வாங்கி வைப்பதே இல்லை. பூச்சியை எண்ணிப் பார்த்துவிட்டு, தேதி பார்த்து, உள் அலமாரியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி வாங்கி, அன்று சாயங்காலமே அடித்துவிடுகிறேன்.