சிப்பவையன் வினையடிகள்: யாராவது உதவ முடியுமா?

வணக்கம். வடக்குக் கனடாவில் தெனே மக்கள் பேசும் சிப்பவையன் மொழியைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன், வினையடியில்தான் (வினைச்சொல்லின் அடிப்படைப் பகுதி) சிக்கல். முன்னொட்டுகள் வரிசையாக வந்து வினையடி கடைசியில் நிற்பதால் அகராதியில் எங்கே தேடுவது என்றே பிடிபடவில்லை. ஒரு பொருள் ‘இருக்கிறது’ என்று சொல்லக்கூட அது கல் போல உருண்டையா, குச்சி போல நீளமா, துணியா, திறந்த பாத்திரத்தில் உள்ளதா, உயிருள்ளதா என்று பார்த்து வெவ்வேறு அடி போட வேண்டும், எவ்வளவு அழகான ஏற்பாடு! அப்புறம் செயல் முடிந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தும் பல அடிகள் வடிவம் மாறுகின்றன. மொழியியலாளர் லி ஃபாங்குய் 1928-இல் கனடாவின் ஃபோர்ட் சிப்பவையன் ஊரில் சேகரித்துப் பின்னர் வெளியிட்ட சொல்லடிப் பட்டியல் கையில் இருக்கிறது, ஆனால் அதன் ஒலிக்குறிகளை இன்றைய எழுத்துமுறையோடு பொருத்தத் தெரியவில்லை. சிப்பவையன் சேர்ந்த அத்தபாஸ்கன் குடும்ப மொழிகள் படித்தவர்கள், எப்படித் தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.