நேஸ்பி: தூண் ஓரிடம், போர்க்களம் வேறிடம்

வரப்போரம்:
இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் அரசர் சார்லஸின் படை நாடாளுமன்றப் படையிடம் தோற்ற நேஸ்பிக்குப் போகிறவர்கள் கிளிப்ஸ்டன் சாலையில் இருக்கும் 1823 தூணைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதன் கல்வெட்டில் ‘இந்த வயலில்’ போர் நடந்தது என்றே வெட்டியிருக்கிறது. அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. 1645 ஜூன் 14 அன்று படைகள் மோதிய பள்ளம் வடமேற்கே ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி இருக்கிறது. வரலாற்றாசிரியர் கார்லைலே ஏமாந்தார். 1842இல் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் (நம் கவிமணி தமிழாக்கிய உமர் கய்யாமை ஆங்கிலத்தில் தந்தவர்) உண்மையான களத்தில் தோண்டி எலும்புகளை எடுத்த பிறகுதான் கார்லைலுக்குத் தெளிந்தது. இத்தனைக்கும் தூணை நட்டது ஃபிட்ஸ்ஜெரால்டின் பெற்றோர்!

சல்பிவேலி:
முழுக்கத் தவறு என்று சொல்லாதீர்கள். அன்று காலை நாடாளுமன்றப் படைத்தலைவர் ஃபேர்ஃபாக்ஸ் முதலில் அணிவகுத்தது 1823 தூண் இருக்கும் மேட்டுப் பக்கம்தான். முன்னால் சதுப்பு நிலம் என்பதால் படையை மேற்கே நகர்த்தினார்கள். சிபர்டாஃப்ட் சாலையிலுள்ள 1936 தூணுக்குப் போய் வடக்கே பாருங்கள். எதிரே பிராட் மூர் பள்ளம், அதற்கப்பால் டஸ்ட் ஹில்லில் அரசர் படை. இடப்பக்கம் சல்பி வேலியோரம் நாடாளுமன்றத் தரப்பு ஓக்கியின் டிரகூன்கள் (குதிரையில் வந்து இறங்கிச் சுடும் வீரர்கள்), அவர்களை ஒட்டி அயர்டனின் குதிரைப்படை. அரசரின் குதிரைப்படைத் தலைவர் ரூபர்ட் அயர்டனை உடைத்துக்கொண்டு சாமான் வண்டிகள் வரை ஓடிவிட்டார். அவர் திரும்புவதற்குள் அரசரின் காலாட்படை தீர்ந்தது. அந்த 1936 தூணும், நாடாளுமன்றக் குதிரைப்படைத் தலைவர் கிராம்வெல் பாய்ந்தது ‘இதற்கு அருகில்’ என்றுதான் சொல்கிறது. அவர் நின்றது வலப்பக்கம், கிழக்கே.

கல்வேலை:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இப்படிப்பட்ட தூண்களில் எழுத்து தெரியவில்லை என்று பாசியைச் சுரண்டாதீர்கள். டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சுண்ணாம்புக் கல்லைக் கழுவியே ஆகவேண்டுமானால் அனுமதி வாங்கி, முதலில் கல்லை நன்றாக நனையுங்கள். பிறகு மென்மையான நார் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்து, வெறும் தண்ணீரால் அலசுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் உலர்ந்த கல்லில் இறங்கிக் கோடு விழும். கம்பி பிரஷ் மேல்தோலை உரித்துவிடும். பிளீச்சிங் போட்டால் கல்லுக்குள் உப்பு தங்கிவிடும், அது உலர்ந்து படிகமாகும்போது கல் பொடிப்பொடியாக உதிரும். அழுத்த நீர்ப்பீச்சி கற்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளைக் குடைந்துவிடும். அந்த இணைப்புகளைச் சிமெண்டால் அடைப்பது எல்லாவற்றையும்விட மோசம். ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து முகப்பையே பிளக்கும். சுண்ணாம்புச் சாந்துதான் போட வேண்டும். கல்லைவிட மென்மையானது என்பதால் தேய்மானம் சாந்தோடு போய்விடும். அதை மறுபடி பூசிக்கொள்ளலாம், கல்லைப் பூச முடியாது.