கேழ்வரகு பிஸ்கட்டில் கேழ்வரகு எவ்வளவு?

பொள்ளாச்சிப் பெண்:
அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. சாயங்கால டீக்குத் தொட்டுக்கொள்ள பிஸ்கட் இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மைதா வேண்டாமே என்று கேழ்வரகு பிஸ்கட் வாங்கி வைத்தேன். இப்போது "இது ராகிதானே" என்று இரண்டுக்குப் பதில் ஐந்து சாப்பிடுகிறார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240. ராகிக்குமா ஏறும்? வீட்டிலேயே மாவு கலந்து செய்தால் எந்த அளவில் கலக்கலாம்?

பழைய அடுப்பு:
22 வருடமாக பேக்கரியில் மாவு பிசைகிறேன். முதலில் பாக்கெட்டைத் திருப்பி, பொருள் பட்டியலை வரிசை மாறாமல் இங்கே போடுங்கள். அதிகம் இருப்பதுதான் முதலில் வரவேண்டும் என்பது சட்டம்.

பொள்ளாச்சிப் பெண்:
மைதா, சர்க்கரை, பாமாயில், கேழ்வரகு மாவு 12%. அதற்குப் பிறகு ஏதேதோ எண்கள். அதில் 150 என்று ஒன்று இருக்கிறது அண்ணா.

பழைய அடுப்பு:
அந்த 150 கேரமல் நிறம். பிஸ்கட்டின் பழுப்பில் அதற்கும் பங்கு உண்டு.

கணக்கைப் பாருங்கள் தங்கச்சி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். 12% என்றால் 100 கிராம் பிஸ்கட்டில் கேழ்வரகால் வருவது 42. அப்பா சாப்பிடும் ஐந்து பிஸ்கட் 50 கிராம் என்று வைத்தால் 21. அந்த டீயில் ஊற்றும் பாலிலேயே அதைவிட அதிகம் இருக்கும். பட்டியலில் சர்க்கரை கேழ்வரகுக்கு முன்னால் நிற்கிறது, அதையும் கவனியுங்கள்.

ராகிக்கும் ஏறும். 100 கிராம் மைதாவில் மாவுச்சத்து 74 கிராம் என்றால் கேழ்வரகில் 67. நைசாக அரைத்துவிட்டால் சீக்கிரமே செரிக்கும். நார்ச்சத்து மைதாவைப் போல நாலு மடங்கு, அது நிஜமான லாபம். ஆனால் 12 சதவீதத்தில் அது எங்கே தெரியப்போகிறது?

மாவு கலக்கும் அளவு கேட்டீர்களே, பிரெட்டில் கேழ்வரகு அளவைக் கூட்ட முடியாது. கோதுமை மாவை இழுபட வைக்கும் புரதமான குளூட்டன் கேழ்வரகில் கிடையாது. ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. 2023 சிறுதானிய ஆண்டு என்று ஊரே பேசியபோது எங்கள் முதலாளி 40% போடச் சொன்னார். டின்னில் மாவு எழும்பவே இல்லை. வெந்து வந்ததை வெட்டினால் நடுவில் களி, கத்தியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் 15-க்கு இறக்கினோம். போர்டில் 'ராகி பிரெட்' அப்படியே இருந்தது, அது வேறு கதை.

வீட்டில் பிரெட் என்றால் கிலோவுக்கு 200 கிராம் வரை போங்கள், தண்ணீர் கொஞ்சம் கூடக் கேட்கும். முளைகட்டிய மாவை மட்டும் அந்த அளவுக்குப் போடாதீர்கள், பிசுபிசுத்துவிடும்.

பிஸ்கட் எழும்ப வேண்டியதில்லை, அதனால் தாராளமாகக் கலக்கலாம். என் கை அளவு: கோதுமை மாவு 50, கேழ்வரகு 35, பொட்டுக்கடலை மாவு 15. பொட்டுக்கடலையை யாரும் கண்டுகொள்வதில்லை. கோதுமைப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பு வகையில் நிறைய. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். வறுத்தது என்பதால் பச்சை வாடையும் இல்லை. கேழ்வரகு மாவையும் வாசம் வரும்வரை லேசாக வறுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாக்கில் மண் போல நிற்கும்.

கோதுமை ஆகாத வீடு:
குறுக்கே வருகிறேன். என் மகனுக்கு சீலியாக் நோய், கோதுமையில் உள்ள குளூட்டன் குடலுக்கு ஆகாது. 'மில்லட்' என்று எழுதியிருந்ததை நம்பி ஒரு கேக் வாங்கித் தந்து மூன்று நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தான். அதில் பாதி கோதுமை. கலப்பு மாவு வேறு, கோதுமையே இல்லாத மாவு வேறு. பழைய அடுப்பு அண்ணன் சொல்லும் அளவும் எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாது.

பழைய அடுப்பு:
சரியாகச் சொன்னீர்கள், நான் எழுதியிருக்க வேண்டும். ஒரே மேசையில் மைதாவும் பிசையும் பேக்கரியில் உங்கள் பையனுக்கு எதுவும் வாங்காதீர்கள். எங்கள் கடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பொள்ளாச்சிப் பெண்:
ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன் அண்ணா. வெல்லமும் பாதிதான் போட்டேன். அப்பா ஒன்றைக் கடித்துவிட்டு, "பல்லுக்கு வேலை வைக்கிறாயே" என்றார். இரண்டோடு நிறுத்திவிட்டார்.

பழைய அடுப்பு:
அடுத்த தடவை ஒரு ஸ்பூன் வெண்ணெய் கூடப் போடுங்கள். வெல்லமும் சர்க்கரைதான், அதைக் கூட்டாதீர்கள்.