வீட்டில் ஆயில் மாற்றும்போது தரை நாசமாகிறது, வழி சொல்லுங்கள்

கரிக்கை:
பைக்குக்கு நானே ஆயில் மாற்றுவது இது மூன்றாவது தடவை. வேலை கைக்கு வந்துவிட்டது, சுத்தம்தான் வரவில்லை. எஞ்சினுக்கு அடியில் ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டின் கடைசி மரை விடுபட்டதுமே ஆயில் தட்டைத் தாண்டிப் பீய்ச்சுகிறது. போல்ட் நழுவித் தட்டுக்குள் முங்குகிறது, அதைத் துழாவினால் முழங்கை வரை கறுப்பு. ஆயில் ஃபில்டர் வேறு சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே இருக்கிறது, கழற்றினால் ஆயில் குழாயில் சொட்டுகிறது. போன தடவை வண்டியைக் கிளப்பியதும் அந்தக் குழாயிலிருந்து வெள்ளைப் புகை. "வண்டி எரியுதாடா?" என்று அம்மா ஓடி வந்தார். தரையில் தட்டு அகலத்துக்கு ஒரு கறை, சோப்புத் தூள் போட்டும் போகவில்லை.

பழைய ஸ்பேனர்:
தம்பி, வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வந்து உடனே கழற்றுகிறீர்களோ? நின்ற இடத்திலேயே எஞ்சின் இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓடினால் போதும், ஆயில் இளகிவிடும். கையும் வேகாது. மேலே ஆயில் ஊற்றும் மூடியை முதலில் திறக்காதீர்கள். காற்று தாராளமாக உள்ளே போகாததால் பீய்ச்சும் வேகம் கொஞ்சம் மட்டுப்படும். முக்கால்வாசி வடிந்த பிறகு திறந்துகொள்ளலாம்.

போல்ட்டை விரலால் உள்பக்கமாக அழுத்திக்கொண்டே சுற்றுங்கள். மரை முடிவது விரலிலேயே தெரியும். அப்போது சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிட வேண்டும். தட்டை முதலில் போல்ட் பார்க்கும் திசையில் தள்ளி வையுங்கள். வேகம் குறையக் குறைய ஆயில் பின்வாங்கி நேர் கீழே விழும், தட்டும் கூடவே நகர வேண்டும். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஃபில்டருக்கு, சமையலறை அலுமினியத் தாளை இரண்டாக மடித்து ஓடு மாதிரி வளைத்து, அதற்கும் குழாய்க்கும் நடுவே செருகுங்கள். சைலன்சரில் ஒரு சொட்டு படாது. குழாய் ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மரத்தூள்:
கறைமேல் எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் பரவத்தான் செய்யும். மரத்தூள் அல்லது காய்ந்த மணலைக் கொட்டி, செருப்புக் காலால் தேய்த்து, ஒரு ராத்திரி விட்டுக் கூட்டுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவமும் முரட்டு பிரஷும். சிமென்ட்டில் ஊறிய பழைய கறை வெளுக்கும், முழுசாகப் போகாது.

பின்சக்கரம்:
தரையை விடுங்கள், பின் டயரைப் பார்த்தீர்களா? டயரிலோ பிரேக் டிஸ்க்கிலோ ஆயில் பட்டிருந்தால், முதல் வளைவிலேயே வழுக்கும் அல்லது பிரேக் பிடிக்காது. துடைக்காமல் ஏறாதீர்கள். பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே புனல் வைத்து ஊற்றி, கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றவே கூடாது.

கரிக்கை:
இன்று மாற்றிவிட்டேன். அலுமினியத் தாள் கச்சிதம், புகையே இல்லை. தட்டை நகர்த்தினேன், தரையில் நாலு சொட்டுதான். போல்ட் மட்டும் இந்தத் தடவையும் உள்ளே விழுந்தது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி எடுத்தேன், முழங்கை தப்பித்தது. போல்ட்டோடு விழுந்த வாஷர் வளையம் காந்தத்தில் ஒட்டவில்லை. அதற்காக விரலை விட வேண்டியதாயிற்று.