முதல் ஐரோப்பியக் கோடை: உறவினர் வீடுகளும் எங்கள் வழியும்

கல்லடியிலிருந்து ஓர் ஆசிரியை:

தோழியுடன் முதல் தடவை ஐரோப்பா போக நினைப்பவர்கள் விமான டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் தங்கள் வழியைத் தாங்களே வகுத்துக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பில் ஐரோப்பா என்று வாய் திறந்தாலே போதும். பாரிஸில் சித்தப்பா, பேர்னில் மச்சாள், டோர்ட்முண்டில் பெரியம்மா என்று முகவரிகள் வந்து குவிந்துவிடும். எல்லாம் அன்புதான். ஆனால் அந்த முகவரிகளை வரிசைப்படுத்தினால் அது உறவுமுறைச் சுற்று ஆகுமே தவிர, நீங்கள் ஆசைப்பட்ட பயணம் ஆகாது.

என் தோழி கல்முனையில் வங்கி ஒன்றில் வேலை செய்கிறாள். பார்க்காமல் திரும்பக்கூடாது என்று நினைப்பவற்றை ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதினோம். அவளுடைய தாள் நிறைய ஓவியக்கூடங்கள். என்னுடையதில் ஆறுகளும் கோட்டைகளும். இரண்டிலும் இருந்தவை பாரிஸும் ரைன் ஆற்றங்கரையும். அவற்றை வைத்து பாரிஸ், சுவிட்சர்லாந்தின் பேர்ன், ஜேர்மனியின் கொலோன், நெதர்லாந்தின் டென் ஹாக் என்று வழி அமைந்தது. சித்தப்பா வீடும் மச்சாள் வீடும் தாமாகவே அதற்குள் வந்தன. பெரியம்மாவிடம் நானே தொலைபேசியில் பேசி, கொலோனுக்கு ஒரு நாள் வந்து எங்களோடு சுற்றும்படி கேட்டேன். அவர் வந்தார். இத்தனை வருடமாக ஜேர்மனியில் இருந்தும் கொலோன் தேவாலயக் கோபுரத்தில் ஏறியதே இல்லையாம். 533 படிகளையும் எங்களோடு ஏறினார்.

வழியை முதலில் வகுக்கச் சொல்வதற்கு விசாவும் ஒரு காரணம். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. கோடையில் கொழும்பில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் மாசி, பங்குனியிலேயே தொடங்கிவிடுங்கள். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விரலடையாளம் கொடுக்கக் கொழும்புக்கு நேரில் போக வேண்டும். நாங்கள் இரவு ரயிலில் போனோம்.

பிரான்சில் உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் கைப்பட எழுதும் அழைப்புக் கடிதம் செல்லாது. அவர் தம் நகரசபைக்குப் போய், வருமானத்தையும் வீட்டில் இடம் இருப்பதையும் காட்டி, 30 யூரோ முத்திரை ஒட்டி, தங்கவைக்கும் சான்றிதழ் எடுத்து அனுப்ப வேண்டும். சித்தப்பா அதற்காக வேலைக்கு லீவு போட வேண்டியிருந்தது. உறவினரிடம் இதைக் கேட்கும்போது அவருக்கும் போதிய கால அவகாசம் கொடுங்கள்.

நகரில் ஒரு முகவர், கணக்கில் சில நாட்களுக்குப் பணம் போட்டுக் காட்டலாம், ஹோட்டல் பதிவும் தயாரித்துத் தருகிறேன் என்றார். தோழி பதில் சொல்லாமல் கதிரையை விட்டு எழுந்துவிட்டாள். கடந்த சில மாதங்களின் வங்கிக் கூற்றைப் புரட்டும் அதிகாரிக்கு, கடைசி வாரத்தில் வந்து விழுந்த பெருந்தொகை தெரியாமல் இருக்குமா? மறுக்கப்பட்டால் அது எல்லா ஷெங்கன் நாடுகளும் பார்க்கும் தரவுத்தளத்தில் ஐந்து வருடம் இருக்கும். சம்பளச் சீட்டு, வெளிநாட்டு விடுமுறைக்கான அனுமதிக் கடிதம், மொழிபெயர்த்த பிறப்புச் சான்றிதழ் என்று உண்மையானவற்றையே கொடுத்தோம்.

ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். போகும் நகரங்கள் குறைவென்றால் பல நாட்டு ரயில்களிலும் ஏறலாம் என்ற யூரேல் பாஸ் தேவையில்லை என்பது என் கருத்து. பாஸ் கையில் இருந்தாலும் பிரெஞ்சு அதிவேக ரயில்களில் ஆசனப் பதிவுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். முன்கூட்டியே டிக்கெட் வாங்கினால் மலிவு. கொலோனுக்கு வேகப் பாதை வேண்டாம். அது சுரங்கங்களுக்குள் நுழைந்து நுழைந்து போய்விடும். மைன்ஸிலிருந்து கோப்லன்ஸ் வரை ஆற்றோரமாகவே போகும் பழைய பாதையைத் தேர்ந்து, வலப்பக்க யன்னல் ஓரம் உட்காருங்கள்.

எங்களுக்கு எதிரே ஒரு மூதாட்டி கடதாசிப் பையில் செர்ரிப் பழங்களோடு இருந்தார். கௌப் என்ற ஊர் நெருங்கியதும் என் முழங்கையைத் தொட்டு யன்னலைக் காட்டினார். ஆற்றின் நடுவே ஒரு தீவில், கல்லால் கட்டிய கப்பல் மாதிரி ஒரு வெள்ளைக் கோட்டை. ஒரு காலத்தில் படகுகளை மறித்துச் சுங்கம் வாங்கிய இடம். எங்கள் ஊரிலும் தண்ணீர் சூழ்ந்த தீவில் கோட்டை உண்டு என்று சொல்லி, புளியந்தீவின் படத்தைக் காட்டினேன். யார் கட்டியது என்று கேட்டார். போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள் என்றேன். படத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, செர்ரிப் பையை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

டென் ஹாக்கை வழியில் சேர்த்ததும் அந்த 1638க்காகத்தான். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கட்டடம். வரலாறு படித்தவர்கள் தவறவிடக்கூடாது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்:

சகோதரி சொன்ன தாள் யோசனை அருமை. நானும் என் கூட்டாளியும் ஸ்பெயினையே பிரதானமாக வைத்தோம், கிரனாடாவில் முஸ்லிம் மன்னர்கள் கட்டிய அல்ஹம்ரா அரண்மனைக் கோட்டைக்காக. அதற்குப் போகிறவர்கள் விசா கைக்கு வந்த அன்றே நுழைவுச்சீட்டு வாங்கிவிடுங்கள். கோடையில் வாரக்கணக்கில் முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். அதற்குள் இருக்கும் நஸ்ரித் வம்ச அரண்மனைகளுக்குள் நுழையும் நேரம் சீட்டிலேயே இருக்கும். அது தவறினால் உள்ளே விடமாட்டார்கள். கடவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

உள்ளே சுவரெங்கும் "வலா காலிப இல்லல்லாஹ்" என்று திரும்பத் திரும்பச் செதுக்கியிருக்கிறார்கள். அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை. மதரசாவில் ஓதிய அரபு எழுத்தை அத்தனை தூரத்தில், 1492இல் கைமாறிப்போன ஓர் அரண்மனையின் சுண்ணச் சுவரில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பக்கத்தில் நின்ற மொரோக்கோக்காரர் ஒருவர் அதைக் கேட்டு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். பிறகு சிங்க முற்றம் வரை எங்களோடு நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துக் காட்டினார்.

தொழுகை நேரத்தையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிறது. இரவுத் தொழுகையான இஷா நள்ளிரவை ஒட்டித்தான் வரும். மறுநாள் காலை ஐந்து மணி ரயிலைப் பிடிக்கும் திட்டம் நம்மவர்களுக்கு ஒத்துவராது. பயணிகளுக்குள்ள சலுகைப்படி நாங்கள் அந்தித் தொழுகையான மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதோம். பாரிஸில் இருந்தபோது, 1926இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்குப் போனோம். தொழுகை முடிந்ததும் முன்பின் தெரியாதவர்கள் கை கொடுத்து ஸலாம் சொன்னார்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாதி:

அக்கா, வெயிலைப் பற்றியும் எழுத வேண்டும். நாம் மட்டக்களப்புக்காரர், அங்குள்ள வெயில் நம்மை என்ன செய்யும் என்று எல்லோரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். அங்குள்ள பழைய வீடுகள் குளிருக்காகக் கட்டியவை. வெப்ப அலை வந்தால் மாடி அறையில் ஏசியும் இருக்காது, மின்விசிறியும் இருக்காது. பிரான்சின் லியோனில் நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா காலை ஏழு மணிக்கே வந்து மரக்கதவு, யன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார். காற்று வரட்டும் என்று என் தோழி திறந்தாள். அவர் அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போய் வெளிச்சுவரைத் தொட வைத்தார். கொதித்தது. இரவு பத்து மணிக்குப் பிறகே திறப்பார்.

தங்குமிடம் பதிவு செய்யும்போது ஏசி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் கீழ்த்தளத்து அறையாகக் கேளுங்கள். அருங்காட்சியகங்களை நண்பகலுக்கு வைத்தால் வெயிலுக்கும் தப்பலாம். ஆனால் பாரிஸ் அருங்காட்சியகங்களில் லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே திங்கட்கிழமை. குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, போத்தலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரின் கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கி, மாத்திரைகளோடு கைப்பையிலேயே வைத்திருங்கள். பெரிய பெட்டிக்குள் போட வேண்டாம்.