45 நாள் நாய்க்குட்டியா, 60 நாள் நாய்க்குட்டியா? காப்பகத்துல எடுக்கறவங்க படிங்க

காட்பாடிக்காரன்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்காரு: "காப்பகத்துக் குட்டிய 45 நாள்லயே எடுத்துடணும், அதுக்கு மேல போனா ஆளோட ஒட்டாது." படிச்சதும் எரிச்சல்தான் வந்துச்சு. குட்டி பழகற பருவம் 3வது வாரத்துல ஆரம்பிச்சு 12, 14 வாரம் வரைக்கும் போகும். 60 நாள்ல எடுத்தாலும் ஒரு மாசம் கையில இருக்கு. 45லருந்து 60 நாள் வரைக்கும் இருக்கற அந்த ரெண்டு வாரத்துலதான் கூடப்பொறந்ததுங்களோட கடிச்சு விளையாடி, எவ்ளோ அழுத்தினா வலிக்கும்னு கத்துக்கும். 60 நாளுக்கு முன்ன எடுக்காதீங்க.

ஆற்காடு ராஜன்:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே பேசுங்க. காப்பகத்துக்கு வர்ற குட்டிங்க நிறைய அட்டைப்பெட்டியில விட்டுட்டுப் போனது. தாயே இல்ல, யாருகிட்ட கத்துக்கும்? ஒரே கூண்டுல பத்து கிடக்கும், ஒண்ணுக்கு பார்வோ (குடலைத் தாக்கற வைரஸ் நோய்) வந்தா வரிசையா போகும். 45 நாள்ல வெளிய எடுத்தாதான் பொழைக்கும்.

காட்பாடிக்காரன்:
பார்வோ உள்ள போய் மூணுலருந்து ஏழு நாள் கழிச்சுதான் வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தெரியும். இன்னிக்கு துள்ளற குட்டிய எடுத்துட்டு வந்தா நோயும் கூடவே வந்திருக்கலாம். முதல் ஊசி 6லருந்து 8 வாரத்துக்குள்ள. ஆனா தாய்கிட்ட இருந்து வந்த எதிர்ப்புச்சக்தி உடம்புல இருக்கறவரை அதுவே ஊசிய வேலை செய்யவிடாது. அது எப்ப தீரும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் 3, 4 வாரத்துக்கு ஒரு தடவைன்னு 16 வாரம் வரைக்கும் திரும்பத் திரும்பப் போடறாங்க. ஒரு ஊசி போட்ட அட்டைய நம்பி 45 நாள்ல தெருவுல இறக்கிடாதீங்க.

சத்துவாச்சாரி செல்வி:
நாள் கணக்கு இருக்கட்டும். வீட்டுல பார்வோ வந்திருந்தா பினாயில் ஊத்திக் கழுவறாங்க, அதுல அந்தக் கிருமி சாகாது. முதல்ல சோப்பு போட்டு அழுக்கு போகத் தேய்க்கணும். அப்புறம் ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணி கலந்து, பத்து நிமிஷம் ஈரமா விடணும். அழுக்கு மேலயே ஊத்தினா ப்ளீச் வீணாப்போகும். மண் தரையில அந்தக் கிருமி மாசக்கணக்கா இருக்கும்.

ஆற்காடு ராஜன்:
மேடம், நான் கேட்டது 45 நாளைப் பத்தி.

காட்பாடிக்காரன்:
2017ல வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதியிலயே 8 வாரத்துக்குக் கம்மியான குட்டிய விக்கக்கூடாதுன்னு இருக்கு.

ஆற்காடு ராஜன்:
அது விக்கறவங்களுக்கு. காப்பகம் விக்குதா? சட்டத்தைப் பாதி படிச்சிட்டுப் பேசறது உங்க வழக்கம். போன மாசம் மூணு மாசம்கூட ஆகாத குட்டிய அமிட்ராஸ்ங்கற உண்ணி மருந்து கலந்த தண்ணியில குளிப்பாட்டச் சொன்னவரு தானே நீங்க?

காட்பாடிக்காரன்:
பெரிய நாய்க்குச் சொன்னேன், திரிக்காதீங்க. குட்டிக்கு உண்ணிய கையாலதான் எடுக்கணும். காது மடிப்பு, விரல் இடுக்கு ரெண்டையும் விரிச்சுப் பாருங்க. தோலை ஒட்டி உண்ணியோட தலையைப் பிடிச்சு நேரா இழுக்கணும், உடம்பை நசுக்கக்கூடாது. அப்படியே உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. ரோஸா இருக்கணும். வெளுத்திருந்தா ரத்தம் குறையுது, உண்ணியோ கொக்கிப்புழுவோ உறிஞ்சுது. வயிறு மட்டும் உருண்டு முதுகெலும்பு தெரிஞ்சா பூச்சி. குட்டியத் தூக்கிக்கிட்டு எடை மெஷின்ல நின்னு, உங்க எடையக் கழிச்சு, அந்த எடைக்குத்தான் பூச்சி மருந்து. கண்ணளவுல ஊத்தாதீங்க.

வாலாஜா வாசு:
நம்ம ராணிப்பேட்டையில 1932லருந்து கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கிறாங்க. கோழிக்கு வர்ற ராணிக்கெட் நோய்க்குப் பேரே நம்ம ஊரால வந்தது. இந்த ஜில்லாவுல ஊசிய பத்தி சண்டையா?

சத்துவாச்சாரி செல்வி:
ராணிக்கெட் உத்தராகண்ட்ல இருக்கற ஊர். ராணிப்பேட்டை வேற.

வாலாஜா வாசு:
அந்தக் கோழி ஊசி இங்க தயாராகுதா இல்லியா? அதைச் சொல்லுங்க.

ஆற்காடு ராஜன்:
கோழிய விடுங்கப்பா. 45 நாள்ல எடுத்த குட்டிக்கு பசும்பால் கொடுக்காம, ஊறவெச்ச குட்டித் தீனிய வெதுவெதுப்பா நாலு வேளை கொடுத்தா நல்லாத்தான் வளரும்.

காட்பாடிக்காரன்:
பால் விஷயத்துல நான் எப்ப மறுத்தேன்? பால்ல இருக்கற சர்க்கரை செரிக்காம கழியும், தெரிஞ்சதுதான். வேலூர் வெயில்ல மொட்டை மாடியில கட்டிப்போட்டா பால் கொடுத்தாலும் கொடுக்கலன்னாலும் தாங்காது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. 60 நாள் பொறுக்கறதுல உங்களுக்கு இன்னா கஷ்டம்?

ஆற்காடு ராஜன்:
அந்தப் பதினஞ்சு நாள்ல கூண்டுல செத்துப்போற குட்டிக்கு நீங்க பதில் சொல்வீங்களா?

காட்பாடிக்காரன்:
அப்ப குட்டிங்கள வேற வேற கூண்டுல பிரிச்சு வெக்கச் சொல்லுங்க. புதுசா வர்றத 14 நாள் தனியா வெக்கச் சொல்லுங்க. 60 நாள்தான்.

ஆற்காடு ராஜன்:
45.