பழைய ஆங்கிலப் பண்ணைவீட்டின் வயதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கேள்வி – புக்கிட் தீமா வாசகி

வணக்கம். மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக இங்கிலாந்து செல்லும் நாங்கள், ஹெரஃபர்ட்ஷியரில் அகழி சூழ்ந்து நிற்கும் லோயர் பிராக்ஹாம்ப்டன் மேனர் பண்ணைவீட்டையும் பார்க்க எண்ணியிருக்கிறோம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது என்கிறார்கள். கல்வெட்டோ செப்பேடோ இல்லாத ஒரு மரவீட்டின் காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? சிங்கப்பூரில் கேலப் சாலையிலுள்ள அட்பாரா போன்ற நம் கறுப்பு வெள்ளை பங்களாக்கள் இத்தகைய வீடுகளைப் பார்த்துத்தான் கட்டப்பட்டனவா?

பதில் – கைமரம்

வணக்கம் அம்மா. இத்தகைய வீட்டில் நுழைந்ததும் முதலில் அண்ணாந்து பாருங்கள். அக்காலப் பண்ணைவீட்டின் நடுக்கூடத்துக்கு மாடியும் கிடையாது, புகைபோக்கியும் கிடையாது. தரை நடுவே மூட்டிய தீயின் புகை கூரையிடுக்கு வழியாகத்தான் வெளியேறும்; தலைமுறை தலைமுறையாக அப்படிப் புகைந்ததில் கைமரங்களில் கரி அப்பிவிடும். பெரும்பாலான வீடுகளில் 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் புகைபோக்கி எழுப்பி, கூடத்தின் குறுக்கே மாடித்தளம் போட்டார்கள். ஆகவே, படுக்கையறைக்கு மேலுள்ள பரணில் கரி படிந்த கைமரம் தென்பட்டால், கீழே ஒரு காலத்தில் திறந்த கூடம் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. கிழக்கு சஸ்ஸெக்ஸிலுள்ள கிரேட் டிக்ஸ்டரை 1910இல் வாங்கியவருக்காக, கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் பிற்கால மாடித்தளங்களை அகற்றிக் கூடத்தைப் பழையபடி திறந்துவிட்டார். அழகாகத்தான் இருக்கிறது, ஆயினும் இடைப்பட்ட தலைமுறைகள் வாழ்ந்த சுவடும் அதோடு போயிற்றே என்பது என் வருத்தம்.

பதில் – தோ பாயோ தச்சர் மகன்

துல்லியமான ஆண்டைத் தருவது மரத்தின் வளையங்களே. உத்தரத்தில் மெல்லிய துளையிட்டு மாதிரி எடுத்து, வளையங்களின் அகல வரிசையை, ஆண்டு தெரிந்த ஓக் மரங்களின் வரிசையோடு ஒப்பிடுகிறார்கள். பட்டைக்கு அடியிலுள்ள கடைசி வளையமும் எஞ்சியிருந்தால் மரம் வெட்டப்பட்ட ஆண்டே தெரிந்துவிடும். ஈரம் காயும் முன்பே ஓக்கைச் செதுக்கி, மர ஆணி அடித்துப் பொருத்துவது அக்காலத் தச்சர் வழக்கம் என்பதால், வெட்டிய ஓரிரு ஆண்டுகளில் வீடு எழுந்திருக்கும். ஆனால் பழைய வீட்டிலிருந்து பெயர்த்த மரங்களையும் அவர்கள் வீணாக்கியதில்லை; எதுவும் வந்து சேராத வெற்றுத் துளை ஓர் உத்தரத்தில் தெரிந்தால், அந்த மரம் அங்கே இரண்டாம் முறையாக உழைக்கிறது.

பதில் – பழங்கட்டட ஆர்வலர்

பங்களா பற்றிய கேள்விக்கு: நிறத்தில் உறவு உண்டு, கட்டுமானம் வேறு. 1898இல் எழுந்த அட்பாராவும் அதன் வழிவந்தவையும் தரையிலிருந்து உயர்ந்து, அகன்ற வராந்தாவோடு, நம் வெப்பத்துக்கும் மழைக்கும் ஏற்ப அமைந்தவை. அங்கேயோ குளிரைத் தடுக்க வேண்டும். ஓக் சட்டம் சுமையைத் தாங்க, இடைவெளிகளில் படல் பின்னி, சாணமும் வைக்கோலும் கலந்த மண்ணைப் பூசினார்கள். அந்த ஓக் பெரும்பாலும் பூச்சின்றி வெள்ளிச் சாம்பல் நிறத்திலேயே விடப்பட்டிருந்தது. அதற்குக் கருமை பூசும் வழக்கம் பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான்.